கடைத்தெருவிலிருந்து பாலம் வரை நெல். நேற்று இரவு விழுந்தது நான்

வடக்குவீதிக்காரன்
அக்டோபர் 10, 2025, வெள்ளி, காலை 7:10

முழங்கையில் தோல் உரிந்து, இடது முட்டி வீங்கி, திண்ணையில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நேற்று இரவு ஒன்பதே காலுக்கு மன்னார்குடியிலிருந்து வேலை முடிந்து வண்டியில் வந்தேன். ஆற்றுப் பாலம் இறங்கியதும் தெருவிளக்கு இரண்டு எரியவில்லை. சாலையின் பாதியில் நெல்லைக் குவித்து, மேலே கறுப்புப் படுதா போர்த்தி, அது காற்றில் பறக்காமலிருக்க ஓரம் முழுவதும் கல் அடுக்கியிருந்தார்கள். கறுப்புத் தார், கறுப்புப் படுதா, சேறு பூசிய கல். எதிரே வந்த லாரிக்காரர் விளக்கைத் தணிக்கவில்லை. முன்சக்கரம் எதன்மீதோ ஏறியது வரைக்கும் தெரியும். அடுத்து நெல் குவியலில் முகம் புதைந்து கிடந்தேன், வாயெல்லாம் சுணை.

குவியல்மீது விழுந்ததால்தான் பல் தப்பியது என்கிறாள் மனைவி. குவியல் இல்லாவிட்டால் விழுந்தே இருக்கமாட்டேன் என்கிறேன் நான். டீக்கடைப் பக்கமிருந்து ஒருவர் ஓடிவந்தார். வந்தவர் படுதா கிழிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் என்னைத் தூக்கினார்.

நான் விவசாயிகளுக்கு எதிரி இல்லை. என் தாத்தா மூன்று மா நிலம் குத்தகைக்கு உழுதவர். ஆனால் சாலை என்பது நெற்களமா? கடைத்தெரு முனையிலிருந்து பாலம் வரை பாதி வழி நெல்லுக்கு, மீதி வழிதான் மனிதருக்கு. இதை யாரிடம் போய்ச் சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கோரையாற்றங்கரை
அக்டோபர் 10, காலை 7:42

பள்ளிக்கூட வளைவிலும் இதே கதைதான். போன வாரம் என் மகளின் சைக்கிள் சறுக்கியது. நெல்லின்மீது சக்கரம் போனால் மணலில் போவது போலத்தான், பிரேக் பிடித்தால் தீர்ந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.


ஏடிடி 43
அக்டோபர் 10, காலை 8:30

தம்பி, முதலில் ஒரு டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மாடு நின்ற இடம் அது.

அது என் நெல் இல்லை. என் நெல் பாலத்துக்கு இந்தப் பக்கம் கிடக்கிறது. நூறு அடி முன்னதாக விழுந்திருந்தால் என் நெல்லில்தான் விழுந்திருப்பீர்கள் என்பதால் நானே பதில் சொல்கிறேன்.

யாரும் ஆசைப்பட்டு நடுச்சாலையில் கொட்டுவதில்லை. இரண்டு ஏக்கர் குறுவை போட்டேன். போன சனிக்கிழமை செயின் வண்டி, அதான் அறுப்பு இயந்திரம், வந்து ஒரே முற்பகலில் அறுத்துக் கொட்டிவிட்டுப் போய்விட்டது. முதல் நாள் இரவு தூறல், கதிரில் ஈரம். அரசு கொள்முதல் நிலையத்துக்கு மாதிரி கொண்டுபோனால் ஈரம் பார்க்கும் கருவி 21.4 சதவீதம் காட்டுகிறது. 17 சதவீதம் வரைக்கும்தான் எடுப்போம், காயவைத்துக் கொண்டுவாருங்கள் என்றார்கள். வந்தது நாற்பது கிலோ மூட்டையாக நூற்றுப் பதினெட்டு சிப்பம். என் வீட்டு வாசலில் கோலம் போடும் இடத்தையும் சேர்த்தால் பத்து சிப்பம் காயும்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். சன்ன ரகத்துக்கு இந்தப் பருவம் (2025-26) நிலையத்தில் குவிண்டால் 2,545 ரூபாய். 40 கிலோ சிப்பத்துக்கு 1,018 வருகிறது. வெளி வியாபாரி ஈரத்தோடு அப்படியே எடுத்துக்கொள்கிறேன் என்கிறார், குவிண்டாலுக்கு ஐந்நூறு குறைத்து. என் நெல்லுக்கு அது இருபத்து மூவாயிரத்து அறுநூறு ரூபாய். அந்தப் பணத்துக்காகத்தான் ஐந்து நாளாகச் சாலையோரத்தில் கயிற்றுக்கட்டில் போட்டுப் படுத்திருக்கிறேன்.

கல் வைப்பது தவறு. அதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன்.


ரூட் நம்பர் இல்லாதவன்
அக்டோபர் 10, காலை 10:05

மினிபஸ்ஸில் பதினான்கு வருடமாக நடத்துநர். இந்தச் சாலையில் ஒரு நாளைக்கு எட்டு நடை.

நெல் காயும் மாதத்தில் எங்கள் டிரைவர் இடது சக்கரத்தை மண்ணில் இறக்கித்தான் ஓட்டுகிறார். எதிரே இன்னொரு வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். யார் போவது என்பதில் தினமும் ஒரு பஞ்சாயத்து. நெல்மேல் ஏற்றினால் வீட்டுக்காரர் கம்பை எடுத்துக்கொண்டு வருகிறார், ஏற்றாவிட்டால் பின்னால் நிற்கும் வண்டி ஹாரன் அடித்துக் காதைக் கிழிக்கிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். படுதாவை ஆறு மணிக்கு மேல் கல்லில்லாமல் மடக்கி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். பழைய சிமெண்டு சாக்கில் மணல் கட்டி ஓரத்தில் வைக்கிறார்கள். வெள்ளைச் சாக்கு இரவில் கண்ணுக்குத் தெரியும். இடித்தாலும் வண்டி கவிழாது. இதற்குச் செலவு ஒரு பைசா இல்லை.


தோகாவிலிருந்து
அக்டோபர் 10, பகல் 1:20

ஊரை விட்டு வந்து ஒன்பது வருடம். இன்னுமா சாலையில் காயவைக்கிறீர்கள்? உலர்த்தும் இயந்திரம் வந்துவிட்டதே. நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கிப்போட்டால் வேலை முடிந்தது. எல்லாவற்றுக்கும் அரசாங்கத்தை எதிர்பார்த்தால் எப்படி?


ஏடிடி 43
அக்டோபர் 10, பகல் 1:55

வாருங்கள் தம்பி, தீபாவளிக்கு வரும்போது கையோடு ஒன்று எடுத்துவாருங்கள்.


அரவைமில்
அக்டோபர் 10, பகல் 3:15

தோகா தம்பி சொல்வதில் பாதி சரி. பெரிய ஆலைகளில் உலர்த்தி இருக்கிறது. அதற்கு எரிபொருள் வேண்டும், நெல்லை ஏற்றி இறக்க ஆள் வேண்டும், ஒரு தடவை போட்டதை எடுக்கப் பல மணி நேரம் ஆகும். ஊரில் ஒரே வாரத்தில் இருபது இயந்திரம் நுழைந்து அறுத்துத் தள்ளும்போது ஓர் உலர்த்தி எந்த மூலைக்கு? இரண்டு ஏக்கர்காரரின் முறை வருவதற்குள் அவர் நெல் முளைவிட்டிருக்கும்.

சாலையில் காய்ந்த நெல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. உச்சிவெயிலில் தார் கொதிக்கும். வேகமாகக் காய்கிற நெல்லுக்குள் அரிசியில் வெடிப்பு விழுகிறது. வெளியே தெரியாது, உமி நீக்கும்போது நொய்யாக வந்து விழும். அரை மணிக்கு ஒரு தடவை காலால் கிளறிவிட்டால் கொஞ்சம் தப்பும். கல், தார்த்துணுக்கு, ஒரு தடவை ஒரு குழந்தையின் கொலுசு எல்லாம் எங்கள் சல்லடையில் வந்திருக்கிறது. கொலுசை யாரும் கேட்டு வரவில்லை.


பழைய பட்டியல் எழுத்தர்
அக்டோபர் 10, இரவு 9:30

பதினொரு பருவம் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதியவன். எந்த ஊர் நிலையம் என்று கேட்காதீர்கள்.

எல்லோரும் 17 சதவீதத்தைத் திட்டுகிறீர்கள். அது எங்கே போய்க் கடிக்கிறது என்று சொல்கிறேன். 22 சதவீத ஈரத்தில் 100 கிலோ நெல் எடுத்தால், அது 17க்குக் காயும்போது 94 கிலோதான் இருக்கும். 40 கிலோ சிப்பத்தில் இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைய ஆவியாகிப் போய்விடும். கிடங்கில் எடை போடும்போது குறைவு யார் தலையில் விழும்? நிலையத்து ஆள் தலையில். நான் ஒரு பருவத்தின் கூலியில் பாதியை அப்படிக் கட்டியிருக்கிறேன். அதனால்தான் எழுத்தர் குவியலின் மேற்புறத்தில் மாதிரி எடுக்கமாட்டார். முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து எடுப்பார். மேலே 16.5 இருக்கும், அடியில் 20 இருக்கும். நீங்கள் அவரைச் சபிப்பீர்கள்.

தளர்வு என்று ஒன்று உண்டு. மாநில அரசு ஒன்றிய அரசுக்கு எழுதும், குழு வரும், மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பும், பிறகு உத்தரவு வரும். 2022 அக்டோபரில் 19 வரைக்கும், 2023 பிப்ரவரியில் 20 வரைக்கும் அப்படி விட்டார்கள். கடிதத்துக்கும் உத்தரவுக்கும் நடுவில் இருக்கும் நாட்களில் நெல் எங்கே கிடக்கும்? நம் வடக்குவீதித் தம்பி விழுந்த இடத்தில்தான்.

யாரும் கவனிக்காத இன்னொரு சங்கதி லாரி. எடுத்த மூட்டையை ஏற்றிப்போக லாரி வராவிட்டால் நிலையத்தில் அடுக்க இடமில்லை. அடுக்க இடமில்லாவிட்டால் எடுப்பதை நிறுத்துவார்கள். உங்கள் சாலையில் நெல் எத்தனை அடி நீள்கிறது என்று பார்த்தால், நிலையத்துக்கு லாரி வந்து எத்தனை நாள் ஆனது என்று நான் சொல்லிவிடுவேன்.


கோரையாற்றங்கரை
அக்டோபர் 10, இரவு 9:48

மூட்டைக்கு இவ்வளவு என்று மாமூல் கொடுப்பதைப் பற்றி ஒரு வரி கூட எழுதவில்லையே, ஐயா?


பழைய பட்டியல் எழுத்தர்
அக்டோபர் 10, இரவு 10:02

எழுதவில்லைதான்.


தாமரைக்குளம்
அக்டோபர் 11, சனி, காலை 6:20

இழைக்குச் சம்பந்தமில்லாதது, மன்னிக்கவும். திங்கள்கிழமை பராமரிப்புக்காக மின்தடை என்கிறார்களே, காலையா, நாள் முழுவதுமா? மாவு அரைக்க வேண்டும்.


மட்டுறுத்துநர்
அக்டோபர் 11, காலை 6:45

மின்தடைக்குத் தனி இழை இருக்கிறது. ஞாயிறே அரைத்துவிடுங்கள்.


ஓய்வு வாத்தியார்
அக்டோபர் 11, காலை 9:00

சாலை களமா என்று கேட்டிருக்கிறார். களம் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்து இந்த ஊருக்குப் பொதுவாக மூன்று களங்கள் இருந்தன. ஒன்று சிவன் கோயில் குளத்துக்கு மேற்கே. அங்கே இப்போது மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி நிற்கிறது. இரண்டாவது இருந்த இடத்தில் சமுதாயக்கூடம். மூன்றாவது வாய்க்கால் ஓரம். அது யார் வீட்டுக் கொல்லையாகிவிட்டது என்று ஊருக்கே தெரியும். எழுதினால் மட்டுறுத்துநர் நீக்கிவிடுவார்.

அந்நாளில் அறுத்த தாளை அரியரியாக வயலிலேயே ஒரு நாள் போட்டுவைப்பார்கள். கதிர் அங்கேயே பாதி காய்ந்துவிடும். பிறகு கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து களத்துக்கு வரும். அடித்து, தாளைப் போராகப் போட்டு, மறுபடி மாடு கட்டி மிதித்து, காற்றடிக்கும் பக்கம் பார்த்துத் தூற்றி, பொலி கூட்டி, இரவு யாரும் கை வைக்காமலிருக்கச் சாணிப்பாலில் குறி போடுவார்கள். இத்தனையும் முடிய ஒரு வாரம், பத்து நாள். அந்தப் பத்து நாளும் நெல் காய்ந்துகொண்டேதான் இருந்தது. காயவைப்பது என்று ஒரு வேலையைத் தனியாக யாரும் செய்யவில்லை.

இயந்திரம் அந்தப் பத்து நாளை ஒரு மணி நேரமாக்கிவிட்டது. பச்சைக் கதிரை அப்படியே உதிர்த்து ஈர நெல்லாகக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறது. கூலி மிச்சம், நாள் மிச்சம். ஈரம் மட்டும் மிச்சமில்லாமல் நம்மிடம் வந்துவிட்டது. களம் வேண்டாம் என்று ஆன அன்றைக்குத்தான் களம் அதிகமாகத் தேவைப்பட்டது. அதற்குள் தொட்டி கட்டிவிட்டோம்.

தையில் சம்பா அறுக்கும்போது இவ்வளவு தொல்லை கிடையாது. பனி இருந்தாலும் பகலில் வெயில் உண்டு. குறுவை அறுப்புத்தான் ஐப்பசி அடைமழையின் வாசலில் வந்து நிற்கிறது.


நாற்றங்கால்
அக்டோபர் 11, பகல் 12:40

ஐயா, உங்களிடம்தான் ஐந்தாம் வகுப்புப் படித்தேன். மரியாதையோடுதான் சொல்கிறேன்.

பொதுக் களம் என்றீர்கள். அந்தப் பொதுவில் எங்கள் தெரு இல்லை. என் பாட்டி அந்த மூன்று களங்களிலும் அடித்திருக்கிறாள், தூற்றியிருக்கிறாள், சாணி மெழுகியிருக்கிறாள். அவள் நெல்லைக் கொண்டுவந்து காயப்போட அங்கே ஒரு சாண் இடம் கொடுத்ததில்லை. அவளிடம் நெல் ஏது என்பீர்கள். கூலியாக அளந்த நெல் இருந்தது. அதையும் தலை தட்டிய மரக்காலில்தான் அளந்தார்கள். அரைப்படி கூடுதலாகக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வெண்மணி ஒன்றும் தூரத்தில் இல்லை. 1968 டிசம்பர் 25. குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டவர்கள் நாற்பத்து நான்கு பேர்.

இன்றைக்கு நாங்கள் இரண்டரை ஏக்கர் குத்தகை உழுகிறோம். அடங்கல் (சாகுபடிப் பதிவேடு) எங்கள் பெயரில் இல்லை. நிலையத்தில் சான்று கேட்டால் நிலத்துக்காரர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். தார்ச்சாலை ஒன்றில்தான் இது உன் இடமா என்று யாரும் கேட்கவில்லை. முன்னால் வந்தவருக்கு முன்னால் இடம். அதனால் களம் போனதற்கு என்னால் கண்ணீர் விட முடியவில்லை.

இன்னொன்று. வடக்குவீதி அண்ணா, நீங்கள் விழுந்தது எங்கள் நெல்லில். கல் வைத்தது நான்தான். எட்டு மணிக்குக் காற்று சுழற்றி அடித்தது, படுதா ஒரு பக்கம் கிளம்பிவிட்டது, கைக்குக் கிடைத்ததைத் தூக்கி வைத்தேன். பிள்ளைகளுக்குச் சோறு போட வீட்டுக்குப் போன அரை மணி நேரத்தில் நீங்கள் வந்துவிட்டீர்கள். படுதாவைத் தடவிப் பார்த்தது என் கொழுந்தன். அந்தப் படுதா இரவல். அதற்கும் சேர்த்து மன்னியுங்கள். ஊசிச் செலவு எவ்வளவு என்று சொல்லுங்கள்.


வடக்குவீதிக்காரன்
அக்டோபர் 11, பகல் 1:30

அரை மணி நேரமாகப் பதில் எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன்.

ஊசி அரசு ஆஸ்பத்திரியில் போட்டுக்கொண்டேன், செலவில்லை. உங்கள் நெல்லில் என் தலைக்கவசக் கண்ணாடித் துண்டு விழுந்திருக்கும், கிளறும்போது பார்த்துக் கிளறுங்கள். வெறுங்காலோடு கிளறாதீர்கள்.

ஆனால் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. நாளைக்கு இன்னொருவன் விழுந்து, குவியலுக்குப் பதிலாகக் கல்லின்மேலேயே விழுந்தால்?


ஓய்வு வாத்தியார்
அக்டோபர் 11, மாலை 4:10

நாற்றங்கால் சொன்னதை மறுக்க முடியாது. நான் பார்த்த களம் வேறு, அவள் பாட்டி பார்த்த களம் வேறு. "பொது" என்ற சொல்லை யோசிக்காமல் போட்டுவிட்டேன். அம்மா, உன் கையெழுத்து அப்போதே நன்றாக இருக்கும்.


மனு எழுதுகிறவன்
அக்டோபர் 11, இரவு 8:15

யாரிடம் சொல்வது என்ற கேள்விக்கு இன்னும் ஒருவரும் பதில் எழுதவில்லை. எழுதுகிறேன். பதில் உங்களுக்குப் பிடிக்காது.

காவல் நிலையத்தில் சொல்லலாம். பொதுவழியில் இடையூறு செய்தால் பாரதிய நியாய சன்ஹிதா 285ஆம் பிரிவில் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம். பழைய தண்டனைச் சட்டத்தில் இது 283. அபராதம் இருநூறு ரூபாய்தான். ஐயாயிரம் என்றால் ஐந்து சிப்பம் நெல். வேண்டுமா? தம்பியே வேண்டாம் என்பார் என்று நினைக்கிறேன்.

அடுத்து, களம். நமக்குக் கிழக்கே ஒட்டியிருக்கும் ஊராட்சியில் சிமெண்டு உலர்களம் இருக்கிறதே, அது நூறு நாள் வேலைத் திட்ட நிதியில் கட்டியது. நாம் ஏன் கட்டவில்லை? நம்முடையது பேரூராட்சி. அந்தத் திட்டம் ஊரகத்துக்கு மட்டும். நம் ஊரில் வயல்தான் அதிகம், கடைத்தெரு நாலு சந்துதான். ஆனால் காகிதத்தில் நாம் நகரம். குடவாசல், நன்னிலம், வலங்கைமான், நீடாமங்கலம், கொரடாச்சேரி, பேரளம், முத்துப்பேட்டை என்று நம் திருவாரூர் மாவட்டத்தில் ஏழு பேரூராட்சிகள். எங்கே போனாலும் எல்லையைத் தாண்டினால் நெல்வயல். ஏர் பிடிக்கிறவன் பேரூராட்சிக்குள் குடியிருந்தால் நூறு நாள் வேலையும் கிடையாது, அதில் வரும் களமும் கிடையாது. வீட்டு வரி மட்டும் நகரத்துக்காரனுக்கு உரியது.

பக்கத்து ஊராட்சிக் களத்தில் கேட்டுப் போடலாம் என்றால், அவர்கள் நெல்லுக்கே அங்கே இடம் போதவில்லை. அங்கே 2025 ஜனவரியிலிருந்து தனி அலுவலர் நிர்வாகம். கேட்டுப் பேசக்கூட உள்ளூர்த் தலைவர் இல்லை. நமக்காவது வார்டு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். பேரூராட்சி மன்றத்தில் தீர்மானம் போட்டுப் பொது நிதியிலோ சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியிலோ கட்டச் சொல்லிக் கேட்கலாம். மாவட்ட ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்க வேண்டும். மனு நான் எழுதுகிறேன். கையெழுத்து நீங்கள் கொண்டுவாருங்கள்.


அரவைமில்
அக்டோபர் 11, இரவு 8:50

எவ்வளவு இடம் கேட்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டு விரற்கடை கனத்தில் பரப்பினால் ஓர் ஏக்கர் நெல்லுக்குப் பத்தடி அகலத்தில் நூற்றுப் பதினைந்து அடி நீளம் வேண்டும். வெயில் இருந்தால் இரண்டு நாளில் எடுத்துவிடலாம். ஒரே நேரத்தில் இருபது ஏக்கர் நெல் காய வேண்டுமென்றால் அரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சிமெண்டுத் தளம் கேளுங்கள். கால் ஏக்கர் கேட்டுவிட்டுப் பிறகு அடித்துக்கொள்ளாதீர்கள்.


ஏடிடி 43
அக்டோபர் 11, இரவு 9:20

தளத்தின் நடுவை மேடாகவும் ஓரத்தைச் சரிவாகவும் போடச் சொல்லி மனுவில் எழுதுங்கள். கிழக்கூர்க் களம் தட்டையாகக் கிடக்கிறது. ஒரு மழை பெய்தால் அரை நாள் தண்ணீர் நிற்கிறது. கட்டியவர் நெல்லைக் காயவைத்துப் பார்த்திருக்கமாட்டார்.


நாற்றங்கால்
அக்டோபர் 11, இரவு 9:41

எங்கே கட்டப் போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். எங்கள் தெருவுக்குத் தெற்கே புறம்போக்கு முக்கால் ஏக்கர் இருக்கிறது, லாரி வரும் வழியும் இருக்கிறது. அங்கே கட்டினால் வடக்கு வீதியிலிருந்தும் மேலத்தெருவிலிருந்தும் நெல் வருமா? வரும் என்றால் முதல் கையெழுத்து என்னுடையது.


மனு எழுதுகிறவன்
அக்டோபர் 12, ஞாயிறு, காலை 7:00

இதற்குப் பத்து மணி நேரமாக ஒருவரும் பதில் போடவில்லை. இருபத்தேழு பேர் பார்த்திருப்பதாகக் காட்டுகிறது.


ஏடிடி 43
அக்டோபர் 12, காலை 7:25

நான் வருகிறேன். என் நெல்லுக்குத் தரை காய்ந்திருந்தால் போதும். மேலத்தெருவில் மற்றவர்களிடமும் கேட்கிறேன். எல்லோரும் சரி என்பார்கள் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.


ஓய்வு வாத்தியார்
அக்டோபர் 12, காலை 8:10

இரண்டாவது கையெழுத்து என்னுடையது. எனக்கு நிலமில்லை, ஆனால் கையெழுத்து இருக்கிறது.


கோரையாற்றங்கரை
அக்டோபர் 12, காலை 10:30

களம் வரும்போது வரட்டும். இந்த வாரத்துக்கு என்ன செய்வது? ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் முன்னால் சிமெண்டு தரை சும்மாதானே கிடக்கிறது? பள்ளிக்கூட மைதானம் சனி ஞாயிறு காலி. கல்யாண மண்டபத்து வண்டி நிறுத்துமிடம் இருக்கிறது. ஐப்பசி பிறக்கும் வரை முகூர்த்தம் கிடையாது.


ரூட் நம்பர் இல்லாதவன்
அக்டோபர் 12, பகல் 2:00

மண்டபத்துக்காரரிடம் கேட்டுவிட்டேன். மூன்று நாளைக்கு வாடகை வேண்டாம், பெருக்கிக் கொடுத்தால் போதும் என்றார். நாற்பது சிப்பத்துக்கு இடம் இருக்கும். குத்தகைக்காரர்கள் முதலில் போடட்டும் என்று நானாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வேண்டாம் என்கிறவர்கள் என்னிடம் சண்டைக்கு வரலாம், கடைசி நடை எட்டே முக்காலுக்கு முடியும்.

வெள்ளைச் சாக்கு என் வீட்டில் முப்பது இருக்கிறது. மணல் உங்களுடையது.


மட்டுறுத்துநர்
அக்டோபர் 12, மாலை 5:00

பாலத்தடி விளக்கு இரண்டும் எரியாததைப் பேரூராட்சி அலுவலகப் புகார்ப் பதிவேட்டில் எழுதிவிட்டு வந்தேன். அதற்கு முந்தைய பக்கத்தில் செப்டம்பரிலேயே ஒருவர் இதே விளக்கைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்.


நாற்றங்கால்
அக்டோபர் 14, செவ்வாய், காலை 6:50

முந்தாநாள் இரவு இரண்டு மணிக்கு மழை. மண்டபத்தில் போட்டது தப்பித்தது. சாலையில் மிச்சம் வைத்திருந்த முப்பது சிப்பத்தில் படுதாவுக்கு அடியில் தண்ணீர் புகுந்துவிட்டது. இன்று காலையில் கையை விட்டுப் பார்த்தேன், உள்ளே காய்ச்சல்காரன் உடம்பு மாதிரி சுடுகிறது. குவியலின் அடியோரத்தில் வெள்ளை வெள்ளையாக முளை.

வடக்குவீதி அண்ணா அந்த நேரத்தில் எழுந்து வந்து படுதாவின் ஒரு முனையைப் பிடித்தார். முட்டி வலியோடு ஏன் வந்தீர்கள் என்று கேட்டதற்கு, மழைச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்றார். அவர் வீடு அங்கிருந்து முக்கால் கிலோமீட்டர்.


பழைய பட்டியல் எழுத்தர்
அக்டோபர் 14, காலை 8:00

சூடு ஏறிய நெல்லை மேலே மேலே கிளறாதே அம்மா, மொத்தமாக இடம் மாற்றிப் பரப்பு. முளைத்ததைத் தனியாக அள்ளிவிடு. ஒரு கைப்பிடி கலந்தாலும் மொத்தத்தையும் தள்ளிவிடுவார்கள். மாதிரி கொண்டுபோகும்போது நானும் வருகிறேன். எங்கே கை விடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.


நாற்றங்கால்
அக்டோபர் 16, வியாழன், இரவு 7:15

அறுபத்தெட்டு சிப்பம் எடுத்துக்கொண்டார்கள். கருவி 16.9 காட்டியது. முளைத்த பதினொன்று மாட்டுக்கும் கோழிக்கும். மீதி இன்னும் மண்டபத்தில். இன்று பருவமழை தொடங்கிவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். கேட்டுத்தான் தெரிய வேண்டுமா?

மனுவில் இதுவரை நாற்பத்தாறு கையெழுத்து. மேலத்தெருவிலிருந்து ஒன்பது.


ரூட் நம்பர் இல்லாதவன்
அக்டோபர் 17, வெள்ளி, காலை 6:05

முதல் நடையில் பார்த்துக்கொண்டே வந்தேன். பாலத்துக்குக் கீழே நெல் முழுவதும் எடுத்துவிட்டார்கள். சாலை காலி. கல் மட்டும் அப்படியே வரிசையாகக் கிடக்கிறது, விளக்கும் எரியவில்லை. மூன்றைக் காலால் தள்ளி ஓரத்தில் விட்டேன். நான்காவது பெரியது, தனி ஆளால் அசையவில்லை.


வடக்குவீதிக்காரன்
அக்டோபர் 17, காலை 6:20

அந்தக் கல்லை எனக்குத் தெரியும். சாயங்காலம் ஆறு மணிக்கு வருகிறேன், கடப்பாரை இருந்தால் எடுத்துவாருங்கள்.